முன்பாரம், பின்பாரம்

மே மாதம் பிறந்தால் அவுஸ்திரேலியாவின் நெடுஞ்சாலைகளில் ஒரு கூட்டம் வடக்கு நோக்கிப் புறப்படும். தெற்கே குளிர் இறங்கும் நேரம் அது. வடக்கே மழைக்காலம் முடிந்து, வெள்ளம் வடிந்து, மூடிக்கிடந்த தெருக்கள் திறக்கும் நேரமும் அதுதான். புறப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டிய தம்பதிகள். சிலர் காரின் பின்னால் கரவன் பூட்டி இழுத்துப் போவார்கள். சிலர் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த மோட்டார்ஹோமில் போவார்கள். கிரே நோமட்ஸ் என்று இந்த நாட்டில் அவர்களுக்குப் பெயர்.

நானும் மனைவியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினோம். இதுவரை சிட்னியைச் சுற்றிய குறுகிய பயணங்கள்தான்: தெற்கே கியாமா, மேற்கே டபோ, வடக்கே ஆர்மிடேல். இனி உடம்பு இடம் கொடுக்கும்வரை ஒவ்வொரு குளிர்காலமும் நெடுந்தூரம் போவதாகத் திட்டம் போட்டிருக்கிறோம். கோயிலில் இதைச் சொன்னபோது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்: "வீடு வாசலை விட்டிட்டு ஓடினது காணாதெண்டே இப்ப காசு குடுத்து ஓடப் போறியள்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அது ஒரு நேர்மையான கேள்வி. எங்கள் தலைமுறையில் எவரும் கேட்கக்கூடியது. என் மனைவி அதற்கு வெகு காலம் முன்பே கேட்டிருந்தாள். அதற்குரிய பதிலை நின்ற நிலையில் சொல்லிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வீட்டைக் கூடவே கொண்டு பயணம் போவது எங்களுக்குப் புதிய காரியமல்ல. நான் சிறுவனாக இருந்தபோது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அப்புவிடம் ஒரு இரட்டை மாட்டு வண்டில் இருந்தது. மற்ற நாட்களில் எரு ஏற்றும், புகையிலை ஏற்றும். ஆவணியில் செல்வச்சந்நிதித் திருவிழா வந்தால் அதற்குக் கிடுகுக் கூடாரம் போட்டு, வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, குடும்பமே ஏறும். வல்லிபுரத்து ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்கும் அப்படித்தான். பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கப் போகும்போதும் அப்படித்தான். அரிசி, பானை, விறகு, மாட்டுக்குத் தவிடு எல்லாம் வண்டிலோடு வரும். அச்சுக்குக் கீழே ஒரு வாளியும் அரிக்கன் லாம்பும் தொங்கும். இரவில் போகும்போது லாம்பு ஆட ஆட, சில்லின் நிழல் தெருவோர வேலியில் பெரிதாகச் சுழன்றுகொண்டே கூட வரும். தொண்டைமானாற்றங்கரையில் மாட்டை அவிழ்த்து, வண்டிலுக்குக் கீழே ஆண்களும் மேலே பெண்களும் படுப்பார்கள். ஆச்சிக்கு முழங்காலில் வாதம். அவவால் நடந்து போயிருக்க முடியாது, பஸ்ஸில் நெருக்கி ஏறியிருக்கவும் முடியாது. வண்டில் இருந்தபடியால்தான் அவ சந்நிதியானைக் கண்டா.

அப்பு வண்டில் ஏற்றுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எதை எங்கே வைப்பது என்பதில் அவர் ஒருவரையும் தலையிட விடமாட்டார். கனமானதெல்லாம் அச்சுக்கு நேரே, சற்று முன்னே. அரிசி மூட்டையை ஒரு சாண் நகர்த்திவிட்டு, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார். "பின்பாரமெண்டால் நுகம் எழும்பி பூட்டாங்கயிறு மாட்டின்ரை கழுத்தை நெரிக்கும். முன்பாரமெண்டால் கழுத்திலை ஏறி அமத்தும்" என்பார். ஓடும்போதும் சரிபார்ப்பு நடக்கும். பள்ளத்தில் இறங்கினால், "டேய் தம்பி, பின்னுக்குப் போய் இரு" என்பார். ஏற்றத்தில் "முன்னுக்கு வாடா" என்பார். நானும் என் வயதுச் சிறுவரும் அந்த வண்டிலின் எடைக்கற்கள். அந்த வேலை எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு குடும்பமாகச் சாமான் கட்டி ஊரை விட்டுக் கிளம்பியது 1995 ஒக்டோபர் 30 இரவு. இராணுவம் முன்னேறி வந்துகொண்டிருந்தது. வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அந்த மாலையிலிருந்து இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே தெருவில் நடந்தது. மழை. வண்டில் எப்போதோ போய்விட்டது, அப்புவும் போய்விட்டார். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். கரியரில் அம்மா. பாரில் மகன். கைப்பிடியின் இரண்டு பக்கமும் உடுப்பும் அரிசியும் கட்டிய பைகள். மனைவி காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த பையைச் சேலைத் தலைப்புக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அந்தச் சைக்கிளில் ஓடவில்லை, உருட்டத்தான் முடிந்தது. கரியரில் பாரம் கூடிவிட்டால் முன்சில்லு எழும்பும். கைப்பிடியை அமத்தி அமத்தி என் தோள் வீங்கியது. சில கிலோமீற்றரைக் கடக்க இரவு முழுவதும் போனது. பிறகு மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை, மேசைகளை அடுக்கி மறித்த ஒரு மூலை, வன்னி, கொழும்பு. மைத்துனர் பொறுப்பெடுக்க 1998இல் சிட்னி.

வந்த நாள் தொடக்கம் எங்களுக்கு ஒரே எண்ணம், எவரும் எழுப்ப முடியாத ஒரு வீடு. மேற்கு சிட்னியில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்தேன். மனைவி முதியோர் இல்லமொன்றில் வேலைக்குப் போனாள். இந்த நாட்டில் கிடைத்த விடுமுறைகளை வீட்டுக் கடன் தின்றது, அதில் எங்களுக்கு வருத்தம் இருக்கவில்லை. மிஞ்சிய விடுமுறை கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் பறப்பதில் போனது. விடிகாலை வேலை முடிந்து வரும்போது எதிர்ப்பக்கத்தில் மோட்டார்ஹோம்கள் ஊரை விட்டு வெளியே போவதைக் காண்பேன். நல்ல வீட்டை வைத்துக்கொண்டு ஏன் இவர்கள் வாகனத்துக்குள் படுக்கப் போகிறார்கள் என்று விளங்காது.

வீட்டுக் கடன் தீர்ந்தது. மகன் படித்து, கலியாணம் கட்டி, தனி வீடு போனான். ஒரு நாள் கணக்குப் பார்த்தால், இந்த நாட்டில் நாங்கள் அறிந்த தெருக்கள் வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் விமான நிலையத்துக்கும் போகிறவை மட்டுமே. எங்களுக்குக் குடியுரிமை தந்து மனிதராக நடத்திய நாட்டில் பெரும் பகுதியை நாங்கள் வானத்திலிருந்துதான் பார்த்திருந்தோம். அது எனக்கு உறுத்தியது. இங்கே சாவதற்கு முன் இந்த நிலத்தைக் கால்வைத்து அறிய வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் வந்தது.

மனைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இஞ்சேருங்கோ, எனக்குச் சில்லுக்கு மேலை நித்திரை வராது. நிலத்திலை நிக்கிற வீடு வேணும்" என்றாள். அவளை மாற்றியது நானல்ல. வாடகை மோட்டார்ஹோம் நிறுவனங்களுக்கு ஒரு ஊரில் விடப்பட்ட வாகனங்கள் இன்னொரு ஊரில் தேவைப்படும். அவற்றை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பவர்களுக்கு நாளொன்றுக்குச் சில டொலருக்கே கொடுப்பார்கள். மகன் அப்படி ஒன்றை பிரிஸ்பனிலிருந்து சிட்னிக்குப் பதிந்து தந்தான். அந்தப் பயணத்தில் மனைவி கண்டது எனக்குத் தோன்றாத ஒன்று. இருவருக்கும் நீரிழிவு. நெடுந்தூரம் கார் ஓடினால் அவள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டாள், தெருவோரக் கழிப்பறைகளுக்குப் பயந்து. அந்த வாகனத்தில் தன் கழிப்பறை தன்னோடு வந்தது. நினைத்த இடத்தில் நிறுத்தி, தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்து, இன்சுலினை பிரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள முடிந்தது. ஆச்சிக்கு வண்டில் செய்த உதவியை இது எங்களுக்குச் செய்கிறது. கிராஃப்டனுக்குக் கிட்ட ஒரு ஆற்றங்கரையில் புட்டு அவித்து இறக்கியபின், "இப்பிடியெண்டால் வரலாம்" என்றாள்.

ஆனால் மழை பெய்த முதல் இரவில் அவள் எழும்பி உட்கார்ந்துவிட்டாள். மெல்லிய கூரை. அதில் மழை விழும் சத்தம் அவளை எங்கே கொண்டுபோனது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் தெரியும். லைட்டைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, மழை விடும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். மீசாலை வகுப்பறையில் எங்களுக்குப் பக்கத்து மூலையில் இருந்த குடும்பத்தைப் பற்றி, அவர்கள் இப்போது எங்கே என்று. அதுவரை நாங்கள் இருவரும் அந்த நாட்களைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்ததில்லை. வீட்டில் அதற்கு நேரம் கிடைத்ததில்லை, அல்லது துணிவு வந்ததில்லை.

வாங்குவதென்று முடிவானபின் முதலில் பார்த்தது எடையைத்தான். களஞ்சியத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அது இயல்பு. நியூ சவுத் வேல்ஸில் சாதாரண கார் லைசன்ஸோடு மொத்த எடை 4.5 தொன் வரையுள்ள வாகனம் ஓட்டலாம். அதற்கு மேலே வேறு வகுப்பு லைசன்ஸ் எடுக்க வேண்டும். ஆகவே சந்தையில் உள்ள மோட்டார்ஹோம்களில் பல அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே நிற்கின்றன. எங்களுடையதன் அனுமதித்த மொத்த எடை 4,490 கிலோ. வெற்று எடை 3,850. மிச்சம் 640 கிலோ என்றதும் தாராளமாகத் தெரியும். பத்து லீற்றர் எரிபொருள் மட்டும் விட்டு நிறுத்த எடைதான் இங்கே வெற்று எடை. தாங்கியை நிரப்பினால் டீசல் அறுபது, எழுபது கிலோ. தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ, அது 120. இரண்டு காஸ் சிலிண்டர். நாங்கள் இருவர். மேல்சாய்ப்பு, கதிரைகள், கருவிகள், படுக்கை விரிப்பு. கடைசியில் மனைவியின் குசினிக்கு வந்து நிற்கும்போது கணக்கு நெருக்கமாகிவிடும்.

குசினிச் சாமானில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. புட்டுக்குழல், இடியப்ப உரல், தட்டுகள், வறுத்த அரிசிமா, குத்தரிசி, யாழ்ப்பாணத்துத் தூள், ஒடியல்மா, தோசைக்கு ஒரு கிரைண்டர். சாப்பாடு சரியாக இருந்தால்தான் எங்கள் வயதில் சீனி சரியாக இருக்கும். வழியில் வாங்கிச் சாப்பிடும் பொரித்த உருளைக்கிழங்கில் இரண்டு நாள் போதும், மூன்றாம் நாள் கால் வீங்கும்.

எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, மண்ணும் கல்லும் விற்கும் ஒரு முற்றத்தில் இருந்த பொது எடைப்பாலத்துக்குப் போனோம். பின்புறத்து நீளமான சாமான் அறையில் கிரைண்டர், அரிசி, கருவிப்பெட்டி. இடம் அங்கேதான் பெரிது. முதலில் முன்சில்லுகளை மட்டும் தட்டில் ஏற்றச் சொன்னார் அங்கே வேலை செய்த இளைஞர். 1,770 கிலோ. பிறகு முழு வாகனம். 4,360. மொத்தம் அனுமதிக்குள் இருக்கிறது. ஆனால் கழித்துப் பார்த்தால் பின் அச்சில் 2,590 கிலோ. அந்த அச்சு தாங்க வேண்டியது 2,500. பின்சில்லுக்கும் பின்னால் நீண்டு நிற்கும் அறையில் வைக்கும் ஒரு கிலோ, பின் அச்சில் ஒரு கிலோவுக்கு மேலாக விழும். கூடுதலாக விழுந்தது முன் அச்சிலிருந்து குறையும். முன்சில்லு இழுக்கும் வாகனத்தில் அது குறைந்தால் ஈரமண்ணில் சில்லு சுழலும், ஸ்டியரிங்கின் பிடி தளரும். பின் ரயர் சூடேறி வெடிக்கவும் கூடும்.

அந்த முற்றத்தில் வாகனத்தை ஓரங்கட்டி, அரிசியையும் கருவிகளையும் இரண்டு அச்சுக்கும் நடுவே இருக்கைகளுக்குக் கீழே மாற்றினோம். கிரைண்டர் முன்னே வந்தது. பின்னறைக்குக் கதிரைகளும் போர்வைகளும் போயின. எனக்கு அப்புவின் கை நுகத்தைத் தூக்கிப் பார்ப்பது கண்ணுக்குள் நின்றது. அவர் படிக்காத மனிதர். அந்த இளைஞரின் திரையில் வந்த இலக்கத்தை அவர் தன் கையால் அறிந்து வைத்திருந்தார். மறுபடி நிறுத்தபோது பின் அச்சு அனுமதிக்குள் வந்திருந்தது. அந்தத் துண்டை நான் வாகனப் பதிவுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

வரும் குளிர்காலத்துக்கான பயணம் மேற்கே, நல்லர்போர் வெளியைக் கடந்து. செடுனாவிலிருந்து நோர்ஸ்மன் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். இடையில் ஊர் என்று சொல்ல எதுவும் பெரிதாக இல்லை, எரிபொருளும் சாப்பாடும் விற்கும் றோட்ஹவுஸ்கள்தான். கைகுனாவுக்கும் பலடோனியாவுக்கும் இடையே 146.6 கிலோமீற்றர் தெரு ஒரு வளைவுமின்றி நேராகப் போகிறது. எட்வர்ட் ஜோன் அயர் 1841இல் இந்தக் கரையோரமாகத் தண்ணீருக்கு அலைந்து நடந்து கடந்தார். கடைசிவரை அவரோடு நடந்து ஆல்பனி போய்ச் சேர்ந்தவர் வைலி என்ற ஆதிக்குடி இளைஞர். தெருவுக்கு அயரின் பெயர் இருக்கிறது. வைலியையும் நினைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் கரை மிர்னிங் மக்களின் நிலம். தன் ஊரை இழந்தவன் இன்னொருவரின் ஊரைக் கடக்கும்போது அது யாருடையது என்று கேட்டு அறிந்து போவதுதான் மரியாதை. தெரு முழுவதும் தார் போட்டு முடிந்தது 1976இல்தான். ஜூனிலிருந்து ஒக்டோபர் வரை கடற்பாறையின் மேலிருந்து கீழே திமிங்கிலங்கள் குட்டிகளோடு கிடப்பதைப் பார்க்கலாம் என்பதால் அந்த மாதங்களைத் தேர்ந்திருக்கிறோம்.

"நடுவழியிலை நெஞ்சு நொந்தால் என்ன செய்வியள்?" என்று பலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அயர் நெடுஞ்சாலையில் சில இடங்களில் தெருவிலேயே விமான ஓடுபாதைக் கோடுகள் போட்டிருக்கிறார்கள், பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்குவதற்கு. 1928இல் குவீன்ஸ்லாந்தின் குளொன்கரியில் தொடங்கிய சேவை அது. மருந்துச் சீட்டுகள் இப்போது கைபேசியிலேயே வரும், எந்த மாநிலத்து மருந்துக் கடையிலும் காட்டி வாங்கலாம். குடும்ப வைத்தியரிடம் எங்கள் நோய்களையும் மருந்துகளையும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறோம். கைபேசித் தொடர்பு இல்லாத இடங்களுக்குச் செய்மதி வழி உதவி கேட்கும் கருவி ஒன்றை மகன் வாங்கித் தந்தான். பொழுது சாய்வதற்கு முன்பே நிறுத்திவிடுவோம், கங்காரு தெருவுக்கு வரும் நேரம் அது. பல பெட்டிகள் பூட்டிய நீளமான லொறியான றோட் ட்ரெயின் பின்னால் வந்தால் அதற்கு வழிவிடுவோம், எங்களுக்கு அவசரமில்லை.

தென் அவுஸ்திரேலியாவுக்குள்ளும் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள்ளும் போகும்போது எல்லையில் சோதனை உண்டு. பழமும் பல பச்சை மரக்கறிகளும் கொண்டுபோக முடியாது. மேற்கே தேனும் கூடாது. பழ ஈயும் தேனீ நோயும் பரவாமல் காக்கிறார்கள், விவசாயிகளின் பிழைப்பு அதில் இருக்கிறது. தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்றைக் கூடவே கொண்டுபோக மனைவி எண்ணியிருந்தாள். அதை இப்போது மருமகளிடம் ஒப்படைக்கிறாள். எல்லைக்கு முந்திய இரவு மிச்சக் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் சமைத்து முடிப்பது என்று சமையல் அட்டவணையே எழுதியிருக்கிறாள்.

அதற்கடுத்த வருடம் குவீன்ஸ்லாந்து. அங்கே எங்களுக்குப் பார்க்க வேண்டியது கடற்கரையல்ல. கிளாட்ஸ்டனிலிருந்து உள்ளே 120 கிலோமீற்றர் தொலைவில் பிலோயிலா என்ற சிறிய ஊர் இருக்கிறது. நிலக்கரியும் இறைச்சித் தொழிற்சாலையும் உள்ள, தொழிலாளர் ஊர். 2018 மார்ச்சில் ஒரு ஈழத்தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் விடிகாலையில் அந்த ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். மெல்பேர்ண் தடுப்பு, கிறிஸ்மஸ் தீவு, பேர்த். நாலு வருடம். அந்த ஊர்ச் சனம் விடவில்லை. கடைக்காரரும் ஆசிரியரும் தாதிமாரும் கையெழுத்துச் சேர்த்து, பதாகை பிடித்து, அந்தப் பெற்றோரும் இரண்டு பெண்பிள்ளைகளும் எங்கள் ஊர்க்காரர் என்று நாடு முழுவதும் சொன்னார்கள். 2022 ஜூனில் குடும்பம் பிலோயிலாவுக்குத் திரும்பியது. ஓகஸ்டில் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. அந்த நாட்களில் சிட்னியிலிருந்து நாங்கள் செய்தியைப் பார்த்து அழுதோம். அந்த ஊர்க் காட்சித்திடலில் வாகனத்தை நிறுத்தி, கடையில் சாமான் வாங்கி, கண்ட ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். குடும்பத்தைத் தேடிப்போய்த் தொந்தரவு செய்யமாட்டோம். ஊருக்குத்தான் எங்கள் கடன்.

எங்கள் சனத்துக்கு இந்தப் பயணம் அந்நியமானது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்சாபிலிருந்து வந்த வியாபாரிகள் விக்ரோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் கூடாரமிட்ட குதிரை வண்டிலில் துணியும் சாமானும் ஏற்றி, பண்ணை பண்ணையாக விற்று, இரவில் அந்த வண்டிலிலேயே படுத்தார்கள். எங்கள் பக்கத்து மனிதர் இந்தத் தெருக்களில் வீட்டோடு திரிந்தது நூறு வருடத்துக்கும் முந்திய கதை.

கோயிலில் கேட்டவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அன்றைக்கு நாங்கள் புறப்பட்டபோது திறப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது கூரை இருக்குமா என்று தெரியவில்லை, இருக்கவுமில்லை. இன்றைக்குப் புறப்படும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுத்து, கடிதங்களை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறோம். வீட்டை விற்றுவிட்டு வாகனத்திலேயே வாழப் போகிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அது எங்களுக்குச் சரிவராது, எங்கள் வயதில் அகதியாக வந்த எவருக்கும் அதை நான் சொல்லமாட்டேன். நிலத்தில் நிற்கும் வீடு வேண்டும் என்று மனைவி சொன்னது சரி. அந்த வீடு நிற்கிறபடியால்தான் இந்தச் சில்லு எங்களுக்கு இன்பமாக இருக்கிறது.

காசு இல்லாமல் இது நடக்காது. புதிய வாகனம் ஒன்றரை இலட்சம் டொலருக்கும் மேலே போகும். பழையதும் மலிவல்ல, டீசல், காப்புறுதி, ரயர் எல்லாம் உண்டு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றுமில்லை. வாடகைக்கு எடுத்து ஒரு கிழமை போய்ப் பார்த்து, முதுகும் முழங்காலும் என்ன சொல்கின்றன என்று கேட்டபின் முடிவெடுக்கலாம். ஊர்க் காட்சித்திடல்களில் சிறு தொகைக்குத் தண்ணீரும் மின்சாரமும் தருவார்கள். கழிப்பறைப் பெட்டியைக் கொட்ட ஊருக்கு ஊர் இடம் உண்டு. அந்த வேலையைப் பார்த்து அருவருக்கிறவர்கள் இரண்டாம் நாள் பழகிவிடுவார்கள்.

ஆனால் காலம் தள்ளக் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் 75 வயதானதும் லைசன்ஸுக்கு ஒவ்வொரு வருடமும் வைத்தியரின் சான்று வேண்டும். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், கோயில் திருப்பணி முடியட்டும், அடுத்த கலியாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் கண்புரையும் இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சையும் முந்திக்கொண்ட பல நண்பர்களை நான் அறிவேன். அவர்கள் உழைத்த உழைப்புக்கு இந்த நாட்டின் ஒரு சூரியோதயமாவது கிடைத்திருக்க வேண்டும்.

ஆகவே என் வயதுக்காரருக்கு ஒரு வேண்டுகோள். மே, ஜூன் மாதங்களுக்கான நல்ல வாடகை வாகனங்கள் முற்கூட்டியே போய்விடும். இந்தக் கிழமையே ஒன்றைப் பதிந்து வையுங்கள். பிள்ளைகளிடம் திகதியைச் சொல்லிவிடுங்கள், அனுமதி கேட்க வேண்டாம். சாமான் ஏற்றியபின் புறப்படும் முன் எடைப்பாலத்துக்குப் போய், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.